ரொம்சோஸில் ஒரு க்ளென் கொராக்

ஒரு வாய் விஸ்கிக்காக நான் நார்வே போனேன். இதை வீட்டில் சொல்ல முடியாது. திவசத்துக்குப் போகிறேன் என்றேன். அதுவும் பொய் இல்லை.

திவசம் குணம் அண்ணனுடையது. குணரத்தினம் என்பது முழுப்பெயர். திருகோணமலைக்காரர். ஒஸ்லோவில் நெடுங்காலம் சுரங்க ரயில் ஓட்டிவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு போய்ச் சேர்ந்துவிட்டார். வருஷம் திரும்பப் போகிறது என்று அவருடைய மகள் தர்ஷினி ஃபோனில் கூப்பிட்டாள். திவசத்துக்கு மறுநாள் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். கறி, மீன், குடிக்கிறவராக இருந்தால் அதுவும். குணம் அண்ணன் குடிக்காதவர், ஆனால் அவர் பொத்திவைத்த பாட்டில் ஒன்று உண்டு.

"அப்பாவின்ரை போத்திலைத் திறக்கப் போறம், அன்ரி. அதைப் பற்றித் தெரிஞ்ச ஆள் உங்களை விட்டால் வேறை ஒருத்தரும் இல்லை. வாங்கோ."

அது என்ன பாட்டில் என்று சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தில் க்ளென் கொராக் என்று ஒரு சின்ன விஸ்கி ஆலை இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். மூடிய அன்று, வேலை செய்தவர்களுக்கு ஆளுக்கொரு பாட்டில், பீப்பாயிலிருந்து நேரே பிடித்துக் கொடுத்தார்களாம். வாங்கியவர்களில் குணம் அண்ணனும் ஒருவர். கடைக்கு வராத சரக்கு, இனி வரவும் போவதில்லை. அவர் அதைத் திறக்கவே இல்லை.

எனக்கு ஏன் இந்த ஆசை என்று கேட்பீர்கள். புதுச்சேரியில் ஒரு மது ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வேதியியல் படித்துவிட்டு மூக்கை வைத்துப் பிழைப்பவள். மொலாசஸ் என்கிற சர்க்கரைக் கழிவுப் பாகில் காய்ச்சியது விஸ்கி மாதிரி மணக்கிறதா என்று முகர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு வரன் பார்த்த காலத்தில் அப்பா 'கெமிக்கல் கம்பெனி' என்றுதான் சொல்லிவந்தார். கல்யாணத்துக்குப் பிறகு மாமியாரும் அதையே எடுத்துக்கொண்டார். நான் முகர்ந்த விஸ்கிக்கு ஒரு ஏரி வெட்டலாம். ஆனால் செத்துப்போன ஓர் ஆலையின் விஸ்கி என் மூக்குக்கு வந்ததே இல்லை.

குணம் அண்ணனைப் பார்த்ததும் அந்த ஆலை வாசலில்தான். கம்பெனி என்னை ஒரு பயிற்சிக்காக ஸ்காட்லாந்துக்கு அனுப்பியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து, மூடிக் கிடக்கும் க்ளென் கொராக்கைப் பார்க்கப் போனேன். கம்பி வேலி, அதற்குப் பின்னால் ஓடையோரம் கல் கட்டடம், புகைபோக்கிக்குக் கோபுரம் மாதிரிக் கூரை. கிடங்குச் சுவரெல்லாம் கறுப்பு. பீப்பாயிலிருந்து கசியும் ஆவியைத் தின்று வளர்கிற ஒரு பூஞ்சை அது. எங்கள் ஆலைக் கிடங்குக்குப் பக்கத்தில் நிற்கும் தென்னை மரங்களுக்கும் இதே கறுப்பு உண்டு. "இங்கேயுமா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சுவரில் கை வைத்து நின்ற ஒரு மனிதர் திரும்பி, "நீங்கள் தமிழோ?" என்று கேட்டார்.

அன்று மழைத்தூறலில் ஒரு பஸ் நிழற்குடைக்குள் உட்கார்ந்து அவர் முழுக் கதையையும் சொன்னார். இளம் வயதில் அந்த ஊர்ப் பக்கம் படிக்க வந்தது, பணம் வராமல் நின்றபோது ஆலையில் பீப்பாய் உருட்டும் வேலை கிடைத்தது, குளிரில் விறைத்த கையை விஸ்கி காய்ச்சும் கொப்பரையின் சுவரில் வைத்துச் சூடேற்றியது. அப்போது ஸ்காட்லாந்து முழுக்கத் தேவைக்கு மேல் காய்ச்சி வைத்திருந்தார்கள், குடிக்க ஆள் இல்லை. பெரிய கம்பெனிகள் சின்ன ஆலைகளாகப் பார்த்து இழுத்து மூடின. க்ளென் கொராக்கின் செம்புக் கொப்பரைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது ஊரே சாலையோரம் வந்து நின்றதாம். அதன் பிறகுதான் அவர் நார்வேக்குப் போனார். பழைய இடத்தைப் பார்க்க இப்போது அங்கிருந்து வந்திருந்தார்.

எனக்கு ஒரு வாய் தருவீர்களா என்று வெட்கமில்லாமல் கேட்டேன். அவர் சிரித்தார். ஒஸ்லோவுக்கு வந்தால் பார்ப்போம் என்றார். அந்தச் சிரிப்பை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு வருஷத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு ஃபோன் பேசுவோம். நான் போகாமலே இருந்தேன், அவர் போய்விட்டார்.

ஒஸ்லோவில் இறங்கியபோது ஜூன் மாதத்தின் கடைசி. சாயங்காலம் என்று கடிகாரம்தான் சொன்னது. வெளிச்சம் நம்மூர் பிற்பகல் மாதிரி அசையாமல் நின்றது. தர்ஷினி ஒரு மருத்துவமனையில் நர்ஸ், அவளுக்கு அன்று 'வக்ட்', அதாவது ஷிஃப்ட். தே-பானெ என்கிற சுரங்க ரயிலில் ஏறி எங்கள் வீடு இருக்கும் ரொம்சோஸில் இறங்கிவிடுங்கள், அம்மா நிற்பார் என்று சொல்லியிருந்தாள். ஸ்டேஷனுக்குப் போனால் ரயில் ஓடவில்லை. கோடையில் தண்டவாள வேலை நடக்குமாம், ரயிலுக்குப் பதில் பஸ். வாழ்நாளெல்லாம் அந்த ரயிலை ஓட்டிய மனிதரின் திவசத்துக்கு நான் பஸ்ஸில் போனேன்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு நார்வேப் பாட்டியும் அவருடைய நாயும். நாய்க்கும் டிக்கெட் உண்டாம். அந்த அம்மாள் என் பையில் இருந்து வந்த கறிவேப்பிலை வாசனையை முகர்ந்து, இது என்ன செடி என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். தன் மாடிப்படியில் ஞாயிற்றுக்கிழமைகளில் இதே மணம் வரும், பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது என்றார். எத்தனை வருஷமாக என்று கேட்டேன். "அவர்கள் குடிவந்த நாளிலிருந்து" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூக்கால் அறிமுகமாகி வாயால் அறிமுகமாகாத அயல் வீட்டுக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன். இந்த நினைப்பில் ரொம்சோஸைத் தாண்டிவிட்டேன்.

அதற்கு அப்பால் ஸ்டோவ்னரில் இறங்கி, தர்ஷினிக்கு ஃபோனில் சொல்லிவிட்டு, பெரிய வணிக வளாகத்தின் வாசலில் பெட்டியோடு நின்றேன். அடுக்குமாடிகள், அவற்றுக்கு மேல் மெதுவாக நகரும் மேகம், ஸ்ட்ராபெரி விற்கும் ஒரு தள்ளுகடை. ஒரு சின்னப் பெட்டி வாங்கினேன். நம்மூரில் கிடைக்கும் ஸ்ட்ராபெரி பார்க்கத்தான் லாயக்கு. இதைக் கடித்ததும் சாறு முழங்கைவரை வழிந்தது. தேடிக்கொண்டு வந்த குணம் அண்ணனின் தம்பி மோகன் என்னை அந்தக் கோலத்தில்தான் முதன்முதலில் பார்த்தார்.

மோகன் ஐம்பதுகளில் இருப்பவர். ஒஸ்லோவிலேயே எல்லிங்ஸ்ருட் என்ற பகுதியில் வீடு. டாக்ஸி ஓட்டுகிறார். காரில் ஏறியதும் அவர் கேட்ட முதல் கேள்வி பயணம் பற்றி இல்லை. அந்தப் பாட்டில் திறந்தால் எத்தனை பேருக்குப் போதும் என்பதுதான். அவரும் பல வருஷமாக அதன்மேல் கண் வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. போட்டிக்கு ஆள் இருக்கிறது என்று எனக்குச் சுருக்கென்றது.

பவளம் அக்கா, குணம் அண்ணனின் மனைவி, கதவைத் திறந்து என் கன்னத்தைத் தொட்டார். ஒல்லியான மனுஷி, அளந்து பேசுகிறவர். இடியப்பமும் சொதியும் மீன் பொரியலும் வைத்திருந்தார். வெள்ளையாக, தேங்காய்ப்பால் மணக்கும் அந்தச் சொதிக்கு ஈடாக எங்கள் பக்கத்தில் ஒன்றும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் இடியாப்பம் என்று சொல்லும்போதெல்லாம் மோகன் இடியப்பம் என்று திருத்தினார்.

பாட்டில் வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் தனித்தட்டில் இருந்தது. கரும்பச்சைக் கண்ணாடி, உள்ளே இருப்பது தெரியாது. கையால் ஒட்டிய வெறும் வெள்ளைத் தாள், கழுத்தில் மங்கிய சிவப்பு உறை. நான் அதற்கு முன்னால் சன்னதியில் நிற்பவள் மாதிரி நின்றுவிட்டேன்.

"மூடினபடியே வைப்பமே," என்றார் பவளம் அக்கா பின்னாலிருந்து. "அவர் ஒருநாளும் திறக்கேல்லை. இப்ப ஏன்?"

மூடின சாமானை யாராவது படைப்பார்களா என்று மோகன் கேட்டார். மூடி போட்ட சோத்துப்பானையை வைப்பீர்களா, செத்தவர் எழுந்து வந்தா திறப்பார்? அது நியாயம்தான். எங்கள் ஊரிலும் முடிச்சவிழ்க்காத பொட்டலத்தைப் படைக்க மாட்டோம். பவளம் அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று தூக்கம் வரவில்லை. திரைக்கு வெளியே வானம் பால் நிறத்தில் இருந்தது. பறவைகள் அடங்கவும் இல்லை, எழவும் இல்லை. நான் கண் மூடினால் ஓடைக்கரை, கறுத்த சுவர், கோபுரக் கூரை. திறந்தால் அதே வெளிச்சம். உறங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாமல் கிடந்தேன். அந்த விஸ்கி எப்படி மணக்கும் என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். ஈர வைக்கோல், தேன் மெழுகு, கொஞ்சம் விறகுப்புகை. இல்லாத ஒரு வாசனையை நினைத்தே எனக்கு நாக்கு ஊறியது.

மறுநாள் காலை பவளம் அக்கா என்னை நடக்கக் கூட்டிப்போனார். ரொம்சோஸ் குடியிருப்பு ஒரு குன்றின்மேல் இருக்கிறது. உள்ளே கார் வராது. பின்பக்கம் இறங்கினால் காடு, காட்டுக்குள் ஒரு குளம். அதற்கு நார்வேக்காரர்கள் வைத்த பெயருக்கு 'கருங்குளம்' என்று அர்த்தமாம். கிட்டே போய் அள்ளிப்பார்த்தால் கறுப்பு இல்லை, பழுப்பு. சதுப்பு மண்ணில் ஊறிய தண்ணீர். ஸ்காட்லாந்து ஓடைகளின் நிறமும் இதுதான். இதில் காய்ச்சினால் நல்ல சரக்கு வரும் என்று விளையாட்டாகச் சொன்னேன்.

பவளம் அக்கா பலகையில் உட்கார்ந்தார். கையிலிருந்த ஃபிளாஸ்க்கைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு பேசினார்.

"தங்கச்சி, அந்தப் போத்திலுக்கை விஸ்கி இல்லை. தேத்தண்ணி."

எனக்குப் புரியவில்லை. அவர் சொல்லிக்கொண்டே போனார். சண்டைக் காலத்தில் ஒருநாள் அவருடைய அப்பா திருகோணமலையில் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. பாதை இல்லை, போக முடியவில்லை. துக்கம் கேட்க ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களை உட்காரவைத்து குணம் அண்ணன், பேச்சு வாக்கில், அந்தப் பாட்டிலைக் காட்டிக் கதை சொல்லத் தொடங்கிவிட்டார். அவருக்கு ஆட்கள் வந்தால் அந்தக் கதை. ஆலை, ஓடை, கொப்பரை, கடைசி நாள்.

"நான் குசினிக்கை அடுப்படியிலை அழுதுகொண்டு நிக்கிறன். இஞ்சாலை, மூடின ஆலைக்குத் துக்கம் கொண்டாடுகினம். என்ரை அப்பாவைப் பற்றி ஒரு சொல்லு இல்லை."

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் பவளம் அக்கா இடியப்பப் பானையின் ஆவியில் பாட்டில் கழுத்தைக் காட்டி உறையைக் கழற்றினார். தக்கையை உருவினார். முழுவதையும் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினார். வெறுந்தேநீரை ஆற்றி நிரப்பி, மாப்பசை வைத்து உறையை ஒட்டி, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"அவருக்குத் தெரியாது. சாகுமட்டும் தெரியாது. தேத்தண்ணிக்குக் காவல் இருந்தவர், பாவம். எத்தினை தரம் சொல்ல வெளிக்கிட்டனான். வாய் வரேல்லை. நாளையிண்டைக்குத் திறந்தால் தர்ஷினிக்கு முன்னாலை, மோகனுக்கு முன்னாலை, அவரின்ரை படத்துக்கு முன்னாலை..."

முடிக்கவில்லை. நாளை மறுநாள் நானே திறந்து, தக்கை உளுத்து எல்லாம் கெட்டுவிட்டது என்று சொல்லிக் கொட்டிவிட வேண்டும் என்றார். நான் சொன்னால் எல்லோரும் நம்புவார்களாம்.

எனக்கு வந்த கோபத்தை மறைக்கப் போவதில்லை. கண்டம் தாண்டி வந்தவளுக்குப் பழைய தேநீர். அதற்கு மேல் பொய்ச் சான்றிதழ். கெட்டதை நல்லது என்று ஒருநாளும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. நல்லதைக் கெட்டது என்றும் போட்டதில்லை. குளத்தில் ஒரு வாத்து குஞ்சுகளோடு போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே என் கண்ணும் மறுகரைவரை போயிற்று. பிறகு அந்த மனுஷியின் கையைப் பார்த்தேன். ஃபிளாஸ்க்கைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

பொய் சொல்ல மாட்டேன், ஆனால் பாட்டிலை சமையலறையில் வைத்துத் திறக்கிறேன், மற்றது அப்போது பார்ப்போம் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். திரும்பி வருகிற வழியில் பில்பெரி என்கிற காட்டுப்பழச் செடிகளைக் காட்டி, இன்னும் பழுக்கவில்லை, ஜூலையில் வந்திருந்தால் பறித்திருக்கலாம் என்று சாதாரணமாகப் பேசினார்.

திவசம் மறுநாள் ஒழுங்காக நடந்தது. ஐயர் வேனில் வந்து இறங்கி, மடிக்கணினிப் பையிலிருந்து தர்ப்பையை எடுத்தார். சைவச் சாப்பாடு. மோர்மிளகாய் பொரித்தபோது புகை உணர்கருவி அலறிவிடும் என்று தர்ஷினி நாற்காலியில் ஏறி அதற்கு ஷவர் தொப்பி மாட்டினாள். அது அவள் அப்பா கண்டுபிடித்த உபாயமாம்.

பிற்பகலில் அவள் என்னை ஊருக்குள் கூட்டிப்போனாள். துறைமுகத்தில் பாதி ஊர் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வாஃபிளுக்கு மேல் பழுப்புச் சீஸ் சீவிப் போட்டுத் தந்தார்கள். உப்பும் இனிப்புமாக, தொண்டையில் ஒட்டுகிற ருசி. இரண்டாவது துண்டில் பிடித்துப்போயிற்று. அங்கேயும் மது விற்பது அரசாங்கம்தான் என்றதும் அந்தக் கடையைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். உள்ளே நூலகம் மாதிரி அமைதி. கண்ணாடி போட்ட ஒரு பெண் ஒரு கிழவருக்கு ஆட்டுக்கறிக்கு எந்த வைன் சேரும் என்று பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தாள். நம்மூர் அரசுக் கடைக் கம்பி ஜன்னலும் அதற்குள் நீளும் கைகளும் ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இரண்டு அரசாங்கமும் ஒரே தொழிலைத்தான் செய்கின்றன.

அன்றைக்குத் தர்ஷினி அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். அவளுக்கு அந்தப் பாட்டில் கதை சரியாகத் தெரியவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். சின்ன வயதில் கேட்ட மாதிரி மங்கலாக ஞாபகமாம். பிறகு அப்பா சொன்னதில்லை. "நான் கேட்டால் உதெல்லாம் பழைய கதை எண்டு விட்டிடுவார்," என்றாள். என்னிடம் பஸ் நிழற்குடையில் மழை விடும்வரை சொன்ன மனிதர்தானே என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

படையல் நாள். விடியற்காலையிலிருந்து சமையல். நண்டுக்குழம்பு, கணவாய்ப் பிரட்டல், ஆட்டிறைச்சி, முருங்கையிலை வறை. வரவேற்பறையில் படத்துக்கு முன்னால் வாழையிலை. அதுவும் தமிழ்க்கடையில் வாங்கியது, தாய்லாந்திலிருந்து விமானத்தில் வந்த இலை. ஆண்கள் வரவேற்பறையில், பெண்கள் சமையலறையில். அந்த வீட்டில் விஸ்கிக்குப் பயிற்சி எடுத்த ஒரே ஆளான நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

மதியம் மோகன் பாட்டிலைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். அங்கேயே எல்லோர் முன்னாலும் திறக்கலாமே என்றார். பழைய தக்கை, உடைந்தால் வடிகட்ட வேண்டும், சமையலறைதான் வசதி என்றேன். அது பொய் இல்லை. தர்ஷினியும் இலை பரப்பப் போனாள். கதவைச் சாத்தினேன். நானும் பவளம் அக்காவும்தான்.

சிவப்பு உறையை நகத்தால் சுரண்டினேன். மாப்பசை என்றால் காய்ந்து பொடியாக உதிர வேண்டும். உதிரவில்லை. அடியில் வழவழவென்று ஏதோ ஒட்டியிருந்தது. பழுப்பேறிய செலோ டேப்.

"டேப்பா போட்டீங்க, அக்கா?"

"இல்லை. மாப்பசை எண்டு சொன்னனான்தானே."

தக்கையைத் திருகினேன். கிழத் தக்கை கையோடு பொடிந்து வரும் என்று தயாராக இருந்தேன். மேலே பிளாஸ்டிக் குமிழ் வைத்த தக்கை, அலுங்காமல் வந்தது. அது அந்த ஆலையின் தக்கையே இல்லை. மூக்கை வைத்தேன்.

விஸ்கி.

ஒரு துளியை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்ந்தேன். எங்கள் தொழிலில் இப்படித்தான் பார்ப்போம். ஆல்கஹால் பறந்துபோய்த் தானிய வாசனை மட்டும் நிற்கும். பீப்பாயில் அதிக வருஷம் ஊறாத இளசு. நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை சேர்த்தது. கப்பல்களிலும் விமான நிலையங்களிலும் அடுக்கடுக்காக விற்கிற சாதாரணக் கலவை விஸ்கி. க்ளென் கொராக் இதற்கு ஒன்றுவிட்ட உறவுகூட இல்லை. என் மூக்கு இதில் தப்பு செய்யாது.

பாட்டிலைப் பவளம் அக்காவின் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனேன். அவர் முகர்ந்தார். தேநீர் எப்படி மணக்கும் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு தரம் முகர்ந்தார். பிறகு அரிசி மூட்டையின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இது ஆர் ஊத்தினது?" என்றார். கேள்வி என்னிடம் இல்லை.

வெளியே மோகன் கூப்பிட்டார். நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் படத்துக்கு முன்னால் வைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். படத்தில் குணம் அண்ணன் ரயில் ஓட்டுநர் சீருடையில், நிழற்குடையில் சிரித்த அதே சிரிப்பு. தேவாரம் முடிந்ததும் மோகன் மீதியைத் தனக்கும் இரண்டு நண்பர்களுக்கும் ஊற்றிக்கொண்டார். அவர் அதில் கோலாவைக் கலந்தபோது, சரக்கு எதுவென்று தெரிந்திருந்தும், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு மிடறு குடித்துக் கண் கலங்கினார்.

"உண்மையான சாமான். பழசெண்டால் பழசுதான். என்ன, தங்கச்சி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பவளம் அக்கா சமையலறை வாசலில் நின்று பேசினார்.

"மோகன், அது உங்கடை அண்ணர் வைச்சிருந்த சாமான் இல்லை. அதை நான் தொட்டிக்கை ஊத்திப்போட்டன். என்ரை அப்பா செத்த நேரம். கோவத்திலை. ஊத்திப்போட்டுத் தேத்தண்ணி விட்டு வைச்சனான்."

 தர்ஷினி கையிலிருந்த கரண்டியை இலையிலேயே வைத்துவிட்டாள். மோகன் தன் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அப்படியென்றால் இது என்ன என்று கேட்டார். கப்பலில் விற்கிற சாதாரண விஸ்கி, பழுப்பேறிய டேப்பைப் பார்த்தால் பல வருஷமாகப் பாட்டிலுக்குள் இருந்திருக்கிறது, கெடவில்லை, குடிக்கலாம் என்று உள்ளதைச் சொன்னேன்.

மோகன் டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு அண்ணியை நிமிர்ந்து பார்த்தார்.

"நான்தான் வாங்கிக் குடுத்தனான், அண்ணி. நான் டென்மார்க் கப்பலிலை போகேக்கை, ஒரு போத்தில் வாங்கிக்கொண்டு வா எண்டு அண்ணர் கேட்டவர். இவர் குடிக்கிறேல்லையே, ஏன் கேக்கிறார் எண்டு யோசிச்சனான்."

"எப்ப?" என்றார் பவளம் அக்கா.

"உங்கடை அப்பாவின்ரை முப்பத்தொண்டாம் நாள் படையலுக்குக் கறி கொண்டு வந்தனான். அண்டைக்குத்தான் போத்திலையும் குடுத்தனான்."

குணம் அண்ணனுக்கு அந்த மாதமே தெரிந்திருக்கிறது. எப்படிக் கண்டுபிடித்தார் என்று யாருக்கும் தெரியாது. உறை கோணலாக இருந்திருக்கலாம், தூசி தட்ட எடுத்தவருக்குப் பசை பிசுபிசுத்திருக்கலாம். தேநீரைக் கொட்டிவிட்டு இதை நிரப்பியிருக்கிறார். என்றைக்காவது யாராவது திறந்தால் பவளம் அக்கா தலை குனியக் கூடாது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. அதன் பிறகு அந்த வீட்டில் அந்தக் கதையை அவர் எடுக்கவே இல்லை. 

பவளம் அக்கா நடந்து வந்து படத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"என்ரை அப்பா செத்ததுக்குப் பிறகு இவர் அந்தக் கதையை வீட்டிலை கதைச்சதே இல்லை," என்றார். "ஆக்கள் கேட்டாலும் இல்லை. அலுத்துப்போச்சு எண்டு நினைச்சனான். அலுக்கேல்லை. நான் நிறுத்திப்போட்டன்."

தர்ஷினி வந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். நண்டுக்குழம்பு ஆறிக்கொண்டிருந்தது, யாரும் சாப்பிடச் சொல்லவில்லை. பவளம் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அவர் அழுகிறாரா என்று பார்த்தேன். அழுதுகொண்டுதான் இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, பக்கத்துத் தரையைக் கையால் தட்டிக் காட்டினார்.

"தங்கச்சி, உங்களுக்குச் சொன்னவர்தானே. இருங்கோ. அவர் சொன்ன மாதிரி முதலிலையிருந்து சொல்லுங்கோ. நான் ஒருநாளும் முழுசாய்க் கேட்டதில்லை."

உட்கார்ந்தேன். ஓடையிலிருந்து தொடங்கினேன். மலைக்கு மேலே எங்கே ஊறுகிறது, கோடையிலும் ஏன் வற்றாது, அந்தத் தண்ணீருக்காக ஒரு விவசாயி அங்கே முதல் கொப்பரையை எப்படித் திருட்டுத்தனமாக வைத்தான் என்று சொன்னேன். மோகன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்து உட்கார்ந்தார். குளிரில் கை விறைத்துப் போன ஒரு திருகோணமலைப் பையன் கொப்பரைச் சுவரில் கை வைத்த இடத்துக்கு நான் வந்தபோது பவளம் அக்கா ஒரே ஒரு தடவை குறுக்கிட்டார்.

"எந்தக் கை?" என்று கேட்டார்.

இரண்டும், அக்கா, என்றேன்.